பொம்மிடி டீச்சருக்குத் தெரியாதவை

“ஏரியே வத்திக் கெடக்குது. உனக்குக் கடல் கேக்குதாம்மா?” என்றார் எங்கள் தலைமையாசிரியர்.

இண்டூருக்குப் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியை. கடல் அறிவியல் பற்றி ஆசிரியர்களுக்கு ஐந்து நாள் பயிற்சி என்று சுற்றறிக்கை வந்திருந்தது. பயிற்சி என்றாலே ஆளுக்கொரு காரணம் சொல்லி நழுவுகிற இடத்தில், நானே கேட்டுப் போய் நின்றது அவருக்கு விநோதமாக இருந்தது.

“தருமபுரியில உக்காந்துகிட்டுக் கடலப் பத்தி யாருக்கு என்ன சொல்லித் தரப் போற?”

“எட்டாம் வகுப்புப் பாடத்துல இருக்குதுங்க சார்.”

“பாடத்துல நெலா கூடத்தான் இருக்குது” என்றவாறே கையெழுத்துப் போட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா தக்காளி மண்டியில் சுமை தூக்குகிறார். அம்மா களையெடுக்கப் போகிறாள். மாத்திரை அட்டையில் எழுதியிருப்பது, பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருப்பது, கரண்ட் ஆபீஸிலிருந்து போனுக்கு வருவது எல்லாவற்றையும் நான்தான் படித்துச் சொல்ல வேண்டும். ‘எனக்குத் தெரியாது’ என்று அந்த வீட்டில் நான் சொன்னதே இல்லை. சொன்னால் அவர்கள் வேறு யாரிடம் போவார்கள்? தெரியாததற்கும் தெரிந்ததுபோல் தலையை ஆட்டிவிட்டு, பிறகு எங்காவது போய்க் கேட்டுக்கொண்டு வருவேன். பத்து வயதில் ஆரம்பித்த பழக்கம். சம்பளம் வாங்க ஆரம்பித்த பிறகும் விடவில்லை.

அந்தப் பழக்கத்தோடு போய் பொம்மிடி டீச்சருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். இரண்டு வருடத்துக்கு முந்திய கதை இது. அவரோடு பழகியது மொத்தமே ஐந்து நாள். பெயரை எழுதப் போவதில்லை. பொம்மிடியிலிருந்து வந்தார், அதனால் பயிற்சிக்கு வந்த நாற்பது பேருக்கும் அவர் பொம்மிடி டீச்சர். ஐம்பத்தெட்டு வயது. கையில் ஒயர்கூடை, அதில் ஃபிளாஸ்க், ஒரு நாப்பது பக்க நோட்டு, நாற்காலியில் போட்டுக்கொள்ள மடித்த துண்டு. மூக்குக் கண்ணாடியின் ஒரு காது நூல் போட்டுக் கட்டப்பட்டிருந்தது.

அவருக்கு ஒரே ஒரு குணம்தான். தெரியாவிட்டால் சொல்லிவிடுவார். அதை மெதுவாகச் சொல்லத் தெரியாது. முதலில் கை முழுசாக மேலே போகும், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்னுக்குப் போகக் கேட்பதுபோல. பிறகு எழுந்திருப்பார். முந்தானையைச் சரி செய்வார். “சார், எனக்கு ஒன்னு தெரியலீங்க” என்பார். பரிசு வாங்கப் பெயர் கூப்பிட்டவர் மாதிரி அதில் ஒரு சந்தோஷம் இருக்கும். சாயந்திரம் நாலே முக்காலுக்கு அந்தக் கை மேலே போனால், “போச்சு, அஞ்சு மணி பஸ் போச்சு” என்று பின் வரிசையில் முனகுவார்கள்.

முதல் நாள் காலையிலேயே அந்தக் கை எழுந்தது. பயிற்சி கொடுக்க வந்த கருத்தாளர் நாகப்பட்டினம் பக்கத்து இளைஞர். கடலைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர், கொஞ்சம் கூச்சக்காரர். ஆளுக்கொரு கடல் உயிரியின் பெயரைச் சொல்லி, அதைப்போல் நடித்துத் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றார். நான் நண்டு. பக்கவாட்டில் நாலு அடி நடந்து காட்டி உட்கார்ந்துவிட்டேன். பொம்மிடி டீச்சருக்குத் திமிங்கலம் வந்தது.

“சார், எனக்கு ஒன்னு தெரியலீங்க. திமிங்கலம் எப்பிடிக் கத்தும்?”

“அது... நீளமா, பாட்டு மாதிரி இருக்கும் மேடம்.”

“நீங்க ஒருக்கா கத்திக் காட்டுங்க. நான் அப்பிடியே கத்திடறேன்.”

அந்தப் பையன் சுற்றுமுற்றும் பார்த்தார். தப்பிக்க வழியில்லை. கண்ணை மூடிக்கொண்டு கத்தினார். கன்று செத்துப்போன மாடு அழுவதுபோல் இருந்தது. டீச்சர் கவனமாகக் கேட்டுவிட்டு, அதைவிட நீளமாகக் கத்தினார். வாசலில் இருந்த காவலாளி யாருக்கோ வலிப்பு வந்துவிட்டது என்று கையில் சாவிக் கொத்தோடு ஓடி வந்தார்.

அதன் பிறகுதான் பயிற்சியின் ஒருங்கிணைப்பாளர் எழுந்து ஒரு செய்தி சொன்னார். இந்தப் பயிற்சி முடிந்ததும் எங்கள் மாவட்டத்திலிருந்து இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்துக் கடற்கரையில் பத்து நாள் முகாமுக்கு அனுப்புவார்களாம். படகில் ஏற்றிக் கடலுக்குள் கூட்டிப் போவார்களாம். போய் வந்தவர்கள்தான் இனிமேல் கருத்தாளர்கள். அந்த இரண்டு பேரில் நான் ஒருத்தி என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன். மைக்கைப் பிடித்துக்கொண்டு நாற்பது ஆசிரியர்களுக்கு முன்னால் நிற்கிறேன், ஜன்னலுக்கு வெளியே அப்பா நின்று பார்க்கிறார், அதுவரை மனதில் ஓடிவிட்டது.

“கடலை நேர்ல பார்த்தவங்க கை தூக்குங்க” என்றார் கருத்தாளர்.

பார்க்காதவளை யார் தேர்ந்தெடுப்பார்கள்? தூக்கினேன். திரும்பிப் பார்த்தால் கூடம் முழுக்கக் கை. பொம்மிடி டீச்சர் மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு ஆச்சரியமாக எல்லோரையும் பார்த்தார்.

“எல்லாரும் பாத்துட்டீங்களா! முப்பது வருசமா கடலப் பத்திப் பாடம் நடத்தறேன், நான் மட்டுந்தான் பாக்கல போலிருக்குது.”

மத்தியானம் சாப்பிடும்போது என் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நோட்டைத் திறந்தார்.

“எந்தக் கடல் கண்ணு பாத்த?”

“மெரினாங்க டீச்சர்.”

“அலை திரும்பிப் போறப்ப சத்தம் வருமா? வர்றப்ப மட்டுந்தானா?”

“வர்றப்ப மட்டுந்தான்.”

எழுதினார்.

“தண்ணி சில்லுனு இருக்குமா?”

“வெதுவெதுன்னு இருக்கும்.”

“மீன் கால்ல வந்து படுமா?”

“ஒன்னு ரெண்டு படும்.”

“உப்புத் தண்ணி காஞ்சா அரிக்குமாமே?”

“ரெண்டு நாளைக்கு அரிக்கும்ங்க.”

“அக்கரை தெரியுமா?”

“வெயில் நல்லா இருந்தாத் தெரியும்” என்றேன்.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். புத்தகத்தில் படித்ததெல்லாம் எங்கேயோ போய்விட்டது. என் வாயில் பேசியது இண்டூர் ஏரி. டீச்சர் அதையும் எழுதி, கீழே கோடு போட்டு, ‘நேரில் பார்த்தவர் கூறியது’ என்று என் பெயரையும் பள்ளியின் பெயரையும் குறித்துக்கொண்டார்.

மறுநாள் கருத்தாளர் வரைபடத்தை விரித்து வங்காள விரிகுடாவைக் காட்டிக்கொண்டிருந்தபோது கை எழுந்தது.

“சார், எனக்கு ஒன்னு தெரியலீங்க. மெரினாவுல நின்னா அக்கரை தெரியுதாம். இந்த டீச்சர் பாத்திருக்காங்க. அது எந்த ஊருங்க சார்?”

கருத்தாளர் வரைபடத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி வரைபடத்தைப் பார்த்தார்.

“எந்த மாசம் போனீங்க மேடம்?”

“மே மாசம்ங்க சார்” என்றேன், மே மாதத்தில் எதுவும் தெரியக்கூடும் என்பதுபோல.

“கப்பலா இருந்திருக்கும்” என்றார் அவர், இரக்கத்தோடு.

“கப்பல்தாங்க சார்” என்று பிடித்துக்கொண்டேன்.

டீச்சர் அக்கரை என்பதை அடித்துவிட்டுக் கப்பல் என்று திருத்தினார். “ஊரு அளவுக்குக் கப்பலா!” என்று வாயைப் பிளந்தார். அவர் என்னைக் கேலி செய்கிறாரா என்று அவருடைய முகத்தையே உற்றுப் பார்த்தேன். அந்த முகத்தில் கேலி எதுவும் தெரியவில்லை. அதுதான் எனக்குக் கிலியாக இருந்தது.

நாற்காலியை மாற்றிப் பார்த்தேன். “கண்ணு, இங்க காத்தாடிக்குக் கீழ வா” என்று கூப்பிட்டு மறுபடியும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

அவர் கேட்பதில் ஒரு நியாயமும் இருந்தது. மூன்றாம் நாள் கருத்தாளர் கண்ணாடித் தொட்டியில் தண்ணீர் வைத்து, நீலச் சாயம் கலந்த ஐஸ் தண்ணீரை ஓரமாக ஊற்றிக் காட்டினார். குளிர்ந்த தண்ணீரும் உப்பு அதிகமான தண்ணீரும் கனம். அது அடியில் இறங்கி ஓடும். அப்படித்தான் ஆழ்கடலில் நீரோட்டம் நடக்கிறது என்றார். டீச்சரைத் தவிர நாங்கள் எல்லோரும் புரிந்ததாகத் தலையாட்டினோம்.

“தொப்பூர் எறக்கத்துல லோடு லாரி எறங்கற மாதிரிங்களா சார்?” என்றார் டீச்சர்.

“ஆமாங்க மேடம்! அதேதான்!” கருத்தாளருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

“அப்ப பிரேக் புடிக்கலீனா?”

“கடல்ல பிரேக் இல்லீங்களே மேடம்.”

“பின்ன ஆக்சிடென்ட் ஆவாதா? எனக்குத் தெரியலீங்க, அதான் கேக்கறேன்.”

கூடம் சிரித்தது. கருத்தாளர் சிரிக்கவில்லை. வரும் வழியில் தொப்பூரில் கவிழ்ந்து கிடந்த லாரியை அவரும் பார்த்திருப்பார். அடியில் போகிற தண்ணீர் ரொம்ப ரொம்ப மெதுவாகப் போகும், ஒரு சுற்றுச் சுற்றி வரப் பல நூறு வருடம் ஆகும் என்றார். டீச்சர் திருப்தியாக உட்கார்ந்தார். நோட்டில் ‘முதல் கியர்’ என்று எழுதியதைப் பார்த்தேன். இன்றைக்கும் நான் எட்டாம் வகுப்பில் அந்தப் பாடத்தை முதல் கியரில்தான் நடத்துகிறேன்.

ஆசிரியர்கள் எல்லோரும் அவர்மேல் கோபப்பட்டது நான்காம் நாள் விவகாரத்தில்தான்.

பயிற்சிக்குப் போனவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ‘இன்றைய பயிற்சி பற்றிய கருத்து’ என்று தினமும் ஒரு படிவம் உண்டு. சாயந்திரம் எழுதிக் கொடுக்க வேண்டியது. பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் எழுத முடியாது என்பதால் காலை டீயோடேயே எழுதி வைத்துவிடுவோம். கையெழுத்து நன்றாக இருக்கிற ஒருவர் நிகழ்ச்சி நிரலைப் பார்த்து எழுத, மற்றவர்கள் அதைப் பார்த்து எழுதுவோம். அன்றைக்கு நிரலில் ‘பவளப்பாறை – காணொளி’ என்று இருந்தது. ‘பவளப்பாறை பற்றிய காணொளி மிகவும் பயனுள்ளதாகவும் கண்ணுக்கு விருந்தாகவும் அமைந்தது’ என்று எழுதி மடித்து வைத்தோம்.

மத்தியானம் கரண்ட் போய்விட்டது. சாயந்திரம் வரை வரவேயில்லை. காணொளி ஓடவில்லை. கருத்தாளர் கரும்பலகையில் சாக்பீஸால் பவளப்பாறை வரைந்து காட்டினார். ஐந்து மணிக்கு எல்லோரும் படிவத்தை மேசையில் வைத்துவிட்டு ஓடினோம்.

மறுநாள் காலை உள்ளே நுழையும்போது டீச்சர் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். படிவங்களை அடுக்கி வைக்கும்போது நாலைந்தைப் படித்திருக்கிறார்.

“சார், எனக்கு ஒன்னு தெரியலீங்க. அந்த வீடியோவ எப்பப் போட்டீங்க? எல்லாரும் பாத்துட்டாங்க. நான் டீ குடிக்கப் போனப்பப் போட்டீங்களோ? எனக்கு மட்டும் ஒருக்காப் போட்டுக் காட்டுங்க. கண்ணுக்கு விருந்துனு எழுதியிருக்காங்க.”

கருத்தாளர் படிவங்களை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார். முப்பத்தொன்பது விருந்து. நாங்கள் முப்பத்தொன்பது பேரும் தரையைப் பார்த்தோம். இண்டூர் பக்கத்துக் கணக்கு சார் ஒருவர், அறிவியலும் சேர்த்து எடுப்பவர், பல்லைக் கடித்துக்கொண்டு, “ஏங்க டீச்சர் இப்பிடி மாட்டி உடறீங்க?” என்றார்.

“நான் என்னங்க பண்ணுனன்? நான் ஒருத்திதான் பாக்கலனு சொன்னன்” என்றார் டீச்சர், கண் கலங்க.

அது ஐந்தாம் நாள், கடைசி நாள். மத்தியானம் குழுவுக்கு ஒருவராகப் பத்து நிமிடம் மாதிரி வகுப்பு எடுத்தோம். நான் நன்றாகவே எடுத்தேன். முதல் வரிசையில் இருந்த கருத்தாளரே கை தட்டினார். தேர்வாகிவிட்டேன் என்றே நினைத்தேன். நாலு மணிக்கு ஒருங்கிணைப்பாளர் முகாமுக்கு ஆள் தேர்ந்தெடுக்க எழுந்தார். சுற்றறிக்கையின் முதல் பக்கத்தை ஐந்து நாளாக வைத்திருந்தவர், அப்போதுதான் இரண்டாம் பக்கத்தைப் புரட்டினார் போலிருக்கிறது. ஒரு வரியில் நின்று, மறுபடி முதலிலிருந்து படித்தார்.

“கடலை இதுவரை நேரில் காணாத ஆசிரியர்களுக்கு மட்டுமே முன்னுரிமை அளிக்கப்பட வேண்டும்.”

கூடத்தின் ஒரு மூலையிலிருந்து ஆரம்பித்தது.

“சார், நான் பாத்தது பஸ்ல போறப்பங்க சார். தூரத்துல. அது கடலா உப்பளமானே இப்பச் சந்தேகமா இருக்குது.”

“நான் சின்னப் புள்ளையா இருந்தப்பங்க சார். ஞாபகமே இல்ல.”

கல்யாணமான கையோடு கன்னியாகுமரி போன போட்டோவைப் பயிற்சிக் குழுவின் வாட்சாப்பிலேயே போட்டிருந்தார் தொப்பூர் சார் ஒருவர். அவரும் எழுந்தார். “அன்னைக்குப் பயங்கர மழைங்க சார். முன்னால இருந்ததே தெரியல. பாத்த கணக்குல சேராது.”

முதல் நாள் பார்த்திருந்த கடலை ஒவ்வொருவராகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் எழவில்லை. எனக்குத்தான் உண்மையிலேயே பார்த்த அனுபவம் இல்லை. ஆனால் நாலு நாளாக மீன் காலில் பட்டதுவரை சொல்லியிருக்கிறேன். எழுத்தில் வேறு இருக்கிறது. எழுந்தால் மானம் போகும். எழாவிட்டால் கடல் போகும். நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் கை மேலே போனது.

“சார், எனக்கு ஒன்னு தெரியலீங்க.”

“சொல்லுங்க மேடம்” என்றார் ஒருங்கிணைப்பாளர், சோர்ந்துபோய்.

“இந்த டீச்சர் கடலப் பத்திச் சொன்னதெல்லாம் நோட்டுல எழுதி வெச்சிருக்கன். நீங்க நடத்துனதயும் எழுதுனன். ரெண்டையும் ஒத்துப் பாத்தன். ஒன்னு கூட ஒத்து வரல. அப்ப இவங்க பாத்தது என்னதுங்க சார்?”

நாற்பது முகங்கள் என் பக்கம் திரும்பின. எழுந்தேன்.

“ஏரிங்க சார்” என்றேன். “நான் கடலைப் பார்த்ததில்லைங்க. தெரியாது.”

அந்தச் சொல் வாயிலிருந்து விழுந்ததும் கூரை இடிந்து விழும் என்று நினைத்திருந்தேன். பின் வரிசையில் யாரோ “உக்காரும்மா, உக்காரு” என்றார்கள், அவ்வளவுதான். அதுவும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால்.

பொம்மிடி டீச்சருக்கு முதல் இடம். “மேடம், உங்களுக்கு ரிடையர்மென்ட் பக்கத்துல இருக்குதே” என்று ஒருங்கிணைப்பாளர் இழுத்தார். “கடலுக்கு வயசு வரம்பு இருக்குதுங்களா சார்? எனக்குத் தெரியலீங்க” என்றார் டீச்சர். அவர் பெயரை எழுதிக்கொண்டார்கள். இன்னொரு இடத்துக்கு, என்னையும் சேர்த்துப் பார்க்கவில்லை என்று எழுந்த பதினோரு பேருடைய பெயரையும் பிஸ்கட் டப்பாவில் போட்டுக் குலுக்கினார்கள். கன்னியாகுமரியில் மழையில் நனைந்த தொப்பூர் சாருக்கு விழுந்தது.

பஸ் நிறுத்தத்தில் நானும் டீச்சரும்தான் நின்றோம். அழுகையை அடக்கிக்கொண்டு, “டீச்சர், வேணும்னேதானே கேட்டீங்க?” என்றேன்.

ஒயர்கூடைக்குள் கையை விட்டு எதையோ தேடியபடி, “எத கண்ணு?” என்றார். பொம்மிடி பஸ் வந்துவிட்டது. அவர் என்னைக் காப்பாற்றினாரா, காட்டிக்கொடுத்தாரா, அல்லது உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

மூன்று மாதத்தில் நடக்கும் என்று சொன்ன முகாம் ஒன்றரை வருடம் கழித்துத்தான் நடந்தது. டீச்சர் ஓய்வு பெறுகிற வருடம். போய் வந்தார் என்று கேள்விப்பட்டுப் போன் செய்தேன்.

“கடல் எப்பிடி இருந்துச்சுங்க டீச்சர்?”

“படகுல ஏத்துனாங்க கண்ணு. ஒரே வாந்தி. பத்து நாளும் பாத்துகிட்டே இருந்தன். ஆனா எப்பிடி இருக்குதுனு கேட்டாச் சொல்லத் தெரியல.”

“அக்கரை தெரிஞ்சுதா?” என்று வம்புக்குக் கேட்டேன்.

“எட்டி எட்டிப் பாத்தன். வெயில் நல்லாத்தான் இருந்துச்சு” என்றார். சிரிக்கவில்லை. பிறகு, “நீ இன்னும் போவலியா? ஏன்?” என்றார்.

முகாம் இல்லாவிட்டாலும் சம்பளம் வாங்குகிறவள் நான், ஒரு ராத்திரிப் பயணத்தில் போயிருக்கலாம். கல்லூரியில் சேர்ந்ததிலிருந்தே ‘பார்த்திருக்கிறேன்’ என்று சொல்லி வந்ததில், எப்படிப் போவது என்று யாரிடமும் கேட்க முடியாமல் போய்விட்டது. அதை அவரிடம் சொன்னேன். “எனக்கும் போறதுக்கு முன்னாடி வழி தெரியாதுதான்” என்றார். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது. ஓய்வு பெற்று மகளோடு ஓசூர் பக்கம் போய்விட்டார் என்கிறார்கள். அந்த எண் இப்போது உபயோகத்தில் இல்லை.

போன வாரம் பொம்மிடி ரயில் நிலையத்துக்குப் போனேன். டிக்கெட் கொடுக்குமிடத்தில் இருந்தவர் தலை நிமிராமல், “எங்க?” என்றார்.

“கடலுக்குங்க.”

“கடலுக்கெல்லாம் டிக்கெட் இல்லம்மா. ஊர் பேரச் சொல்லு.”

“தெரியாதுங்க. கடல் இருக்கற ஊரா நீங்களே ஒன்னு சொல்லுங்க” என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஆறு பேரும் ஆளுக்கொரு ஊர் சொன்னார்கள். ஒருவர் வழியில் எங்கே இறங்கி மாற வேண்டும் என்றார். ஒரு அம்மா, கைக்குழந்தை இருந்தால் குல்லா எடுத்துக்கொள் என்றார். வரிசை கலைந்து ஒரு கூட்டமே கூடிவிட்டது. கடைசியில் சென்னை என்று முடிவானது.

மூன்று டிக்கெட். வருகிற சனிக்கிழமை. அப்பா மண்டியில் சொல்லி ரெண்டு நாள் லீவு வாங்கிவிட்டார்.